அந்தப் பத்து விநாடி

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியன் நான். பையன்களை ஓடச் சொன்னதைவிட, ஓடி முடித்தவர்களைப் பார்த்து "உட்காராதடா, நடந்துகிட்டே இரு" என்று கத்தியதுதான் அதிகமாக இருக்கும். இன்றைக்குப் பேசப்போவதும் அந்த நடக்கிற நேரத்தைப் பற்றித்தான்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் வாயில் இப்போது 'ஹிட்' (HIIT), அதாவது கடும் இடைவெளிப் பயிற்சி என்ற சொல் அடிபடுகிறது. கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து ஓடு, சற்று ஓய்வெடு, மறுபடி ஓடு. விஷயம் அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் ஓடுகிற நேரத்தையே பேசுகிறார்கள். எனக்கு நடுவில் வருகிற ஓய்வுதான் சுவாரசியம். இடைவெளிப் பயிற்சி என்று பெயரே அதை வைத்துத்தானே!

1930களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்றொரு பயிற்சியாளர். அவருக்குத் துணையாக ஹெர்பர்ட் ரைண்டல் என்ற இதய மருத்துவர். ஓட்டக்காரரின் நாடி நிமிடத்துக்கு 180 வரை ஏறும்படி ஓடவிடுவார்கள். அப்புறம் அது 120க்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கவில்லையா, ஓட்டம் அவர் சக்திக்கு மீறிவிட்டது என்று கணக்கு. இதயம் பலப்படுவது இந்த ஓய்வில்தான் என்பது அவர்கள் கட்சி. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அதை முறியடிக்க 1955 வரை ஆள் வரவில்லை. அவர்கள் சொன்ன காரணம் முழுக்கச் சரியா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் ஓய்வையும் அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அது லேசுப்பட்ட யோசனை இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? முதல் பாய்ச்சலுக்குத் தசை நம் மூச்சுக்காகக் காத்திருப்பதில்லை. கிரியேட்டின் பாஸ்பேட் என்று ஒரு கையிருப்பு வைத்திருக்கிறது. சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை மாதிரி. எடுப்பதும் சுலபம், பத்து விநாடியில் கரைவதும் சுலபம். அடுத்து, சேமித்து வைத்த சர்க்கரையை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் அவசர அவசரமாக உடைக்கிறது. தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது, தொடை எரிகிறது. (மறுநாள் படி இறங்கும்போது வலிக்கிறதே, அதற்கும் சர்க்கரை உடையும்போது உண்டாகும் லாக்டேட், அதாவது லாக்டிக் அமிலத்துக்கும் சம்பந்தமில்லை. ஏறிய லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும்.) ஓய்வில் அந்தச் சில்லறை மறுபடி சேர்கிறது. அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி சேரும். முழுக்கச் சேர சில நிமிடங்கள் ஆகும்.

அப்படியானால், அது சேர்வதற்குள் மறுபடி ஓடச் சொன்னால்?

அதைத்தான் ஜப்பானில் செய்து பார்த்தார்கள். பனிச்சறுக்கு வேகப் பந்தய அணியின் பயிற்சியாளர் இரிசாவா கொயிச்சி உருவாக்கிய முறை அது. ஆராய்ந்து 1996இல் வெளியிட்டவர் இசுமி தபாதா. 'தபாதா முறை' என்று பெயர் அவருக்குப் போய்விட்டது. சைக்கிளில் 20 விநாடி மிதி, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு முறை. உடம்பு ஆக்சிஜனைக் கொண்டு ஈடுகட்டக்கூடிய உச்ச வேகத்தைப் போல் 1.7 மடங்கு வேகத்தில் மிதிக்க வேண்டும். ஆறு வாரத்தில் ஆக்சிஜனை உள்வாங்கும் திறன், ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தவர்களுக்கு ஏறிய அளவுக்காவது ஏறியது. ஆக்சிஜன் இல்லாமல் உழைக்கும் திறனும் 28 சதவீதம் கூடியது. மிதமாக மிதித்தவர்களுக்கு அது அசையவே இல்லை.

எனக்குப் பிடித்தது அடுத்த வருடம் அவர்கள் வெளியிட்ட ஒப்பீடு. இன்னொரு முறையில் 30 விநாடி, இன்னும் கடுமையான மிதி. ஆனால் நடுவில் 2 நிமிட ஓய்வு. பார்த்தால் இதுதானே பெரிய சோதனை? ஆனால் இதில் ஆக்சிஜன் பயன்பாடு உச்சத்தை எட்டவில்லை. பத்து விநாடி ஓய்வில்தான் கடைசிச் சுற்றுகளில் உச்சத்தைத் தொட்டது. சில்லறை சேர அவகாசமே தராததால், இதயமும் நுரையீரலும் முழு மூச்சாக இறங்கியாக வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு நானே இதைச் செய்து பார்த்தேன். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள். 1.7 மடங்கெல்லாம் இல்லை, என் வயதுக்கு ஏற்ற அளவில்தான். மூன்றாவது சுற்றுவரை வீராப்பு. ஐந்தாவதில் வாய் உலர்ந்து நாக்கில் இரும்பு ருசி. ஆறாவது ஓய்வில் மனம் பேரம் பேச ஆரம்பித்தது: "இதோடு போதுமே, யார் பார்க்கிறார்கள்?" மிதிக்கும் 20 விநாடியில் எனக்கு யோசனையே கிடையாது. அந்தப் பத்து விநாடியில்தான் அத்தனை சாக்குப்போக்கும் வரிசைகட்டி வந்தன.

இது உடற்பயிற்சி தரும் போதை, வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் பொங்கும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பின்லாந்தின் துர்க்கு நகரில் மூளையைப் படம் எடுத்தே பார்த்தார்கள். 2018இல் வந்த ஆய்வு அது. கடும் இடைவெளிப் பயிற்சிக்குப் பின் மூளையில் அந்த வகை ரசாயனங்கள் சுரந்தது உண்மைதான். ஆனால் எவ்வளவு சுரந்ததோ, அந்த அளவுக்கு எரிச்சலும் களைப்பும் சொன்னார்கள். இன்பம் தருவதைவிட, வேதனையைத் தாங்க வைக்கத்தான் சுரக்கிறதோ என்னவோ. முடித்துக் கால் மணி நேரம் கழித்து மனம் லேசாவதை நானும் உணர்ந்திருக்கிறேன். ஆறாவது சுற்றில் ஆனந்தம் வரும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மற்றவர்களும் முடித்ததும் சட்டென்று நின்றுவிடாதீர்கள். கால் அசையும்வரை தசைகள் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. நின்றால் அது காலிலேயே தேங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். பையன்களை நடக்கச் சொல்லிக் கத்தியதன் காரணம் அதுதான்.

என் சைக்கிள் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. கடைசிச் சுற்று முடிந்ததும் ஒரு நாடிக் கணக்கு, மெதுவாக மிதித்தபடி ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. ஆரம்பித்த அன்று 151, 134. போன செவ்வாய்க்கிழமை 152, 123. வணக்கம்.