கரண்டிக்குள் கரண்ட்: வெட்டிவேலை இல்லை நடுவரே!

நடுவர் அவர்களே! சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைப்பதற்குக் கொடுப்பது இக் நோபல் பரிசு. அதை வாங்கும் சாப்பாட்டு ஆராய்ச்சிகள் பயனுள்ளவையா, வெட்டிவேலையா என்பது தலைப்பு. "கரண்டியில் கரண்ட் விடுவதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போனார் எதிரணித் தலைவர். அந்தக் கரண்டியையே நானும் எடுக்கிறேன்.

சாப்ஸ்டிக்கிலும் ஸ்ட்ராவிலும் மெல்லிய மின்சாரம் செலுத்தினால் சுவை மாறும் என்று ஜப்பானின் ஹோமேய் மியாஷிதாவும் ஹிரோமி நகமுராவும் 2011இல் எழுதினார்கள். 2023இல் இக் நோபல். மறுவருடமே ஜப்பானின் பானத் தயாரிப்பு நிறுவனமான கிரின் அதை 60 கிராம் எடையுள்ள கரண்டியாக்கி விற்பனைக்கு விட்டது.

சூப்பில் சிதறிக் கிடக்கும் சோடியம் அயனிகளில், அதாவது உப்பு கரைந்து உண்டாகும் மின்னூட்டத் துகள்களில் பல, நாக்கைத் தொடாமலே தொண்டைக்குள் இறங்கிவிடும். உப்பு உள்ளே போயிற்று, ருசிதான் தெரியவில்லை! இந்தக் கரண்டியின் குழியில் ஒரு மின்முனை, கைப்பிடியில் இன்னொன்று. கை, உடம்பு, நாக்கு, சூப் என்று சுற்று கூடியதும், அயனிகள் நாக்குப் பக்கம் இழுபடும். உப்பு குறைத்த உணவில் உவர்ப்பு சுமார் 1.5 மடங்கு தெரியும் என்கிறது நிறுவனம். கைப்பிடி மின்முனையில் கை படாவிட்டால் அது வெறும் கரண்டி. உப்பே போடாத கஞ்சியிலும் பலிக்காது, இழுக்க அங்கே சோடியம் வேண்டுமே! பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடக்கூடாது.

"இன்னொரு சிட்டிகை உப்பு போட்டால் தீர்ந்தது" என்றார் எதிரணி அம்மையார். எங்கே தீரும் அம்மா? நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜப்பானியர் சாப்பிடுவதோ 10 கிராம் அளவில். 2024இல் கரண்டி வந்தபோது விலை 19,800 யென் என்றீர்கள். அதிகம்தான், அதில் நானும் உங்கள் கட்சி.

அடுத்து, 2025இல் இயற்பியலுக்கு இக் நோபல் வாங்கிய பாஸ்தா. சீஸும் மிளகும் சேர்ந்த 'காச்சோ எ பெபே' சாஸ், சூட்டில் புரதங்கள் ஒட்டிக்கொண்டு கட்டிகட்டியாகத் திரிந்துவிடும். பாஸ்தா வெந்த தண்ணீரில் இருக்கும் மாவு இதைத் தடுக்கப் போதாது. 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் கார்ன்ஃப்ளவரை 40 கிராம் தண்ணீரில் கரைத்து, கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டுச் சேர்க்கச் சொல்கிறார்கள் அந்த ஆராய்ச்சியாளர்கள். மாவு, சீஸ் எடையில் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் திரியும். 4 சதவீதத்தைத் தாண்டினால் ஆறியதும் இறுகிவிடும். மோர்க்குழம்புக்கு அரிசி அரைத்து ஊற்றுகிறவர்களுக்கு இதில் அதிசயமில்லை நடுவரே. எத்தனை கிராம் என்று யாராவது சொன்னார்களா, அதைக் கேளுங்கள் எதிரணியிடம்!