குதிரைக்கு வெள்ளை அடிக்கும் ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தெற்குப் பகுதியில் புல் போர்த்திய குன்றுகள் மைல் கணக்கில் நீண்டு கிடக்கின்றன. டவுன்ஸ் என்பார்கள். மேல்மண் ரொம்ப மெல்லியது. அதைப் பெயர்த்தால் அடியில் சாக்பீஸ் மாதிரி வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கல். பெய்கிற மழையை அந்தக் கல் உறிஞ்சிக்கொள்வதால் குன்றின் மேலே தண்ணீர் தங்காது. உள்ளே இறங்கிய நீர் அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஊற்றாக வெளியே வரும். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் வுல்ஸ்டன், கிங்ஸ்டன் லைல் போன்ற சிற்றூர்கள் அந்த ஊற்றுகளை நம்பித்தான் வரிசையாக அமைந்தன. சற்றுத் தள்ளி, சமவெளியில் அஃபிங்டன் இருக்கிறது. இந்த ஊர்களின் எல்லைகளைப் படத்தில் பார்த்தால் நீள நீளப் பட்டைகளாக இருக்கும். மேலே ஆடு மேய்க்க மேடு, நடுவில் ஊற்று, கீழே வயல் என்று ஒவ்வோர் ஊருக்கும் எல்லாவற்றிலும் ஒரு பங்கு.

இப்படிப்பட்ட ஊர்களில் என்ன செய்தி இருக்கப் போகிறது? ஊர் மன்றக் கூட்டம், தேவாலயக் கூரைக்கு நிதி, பாதையில் விழுந்த மரம், தொலைந்துபோன பூனை. இவற்றுக்கு நடுவே, கோடையில் ஓர் அறிவிப்பு வரும்: குதிரைக்கு வெள்ளை அடிக்க ஆட்கள் தேவை. நான் இன்று பேச வந்தது அந்த அறிவிப்பைப் பற்றித்தான்.

அஃபிங்டனுக்கு மேலே, குன்றின் சரிவில் ஒரு வெள்ளைக் குதிரை ஓடுகிறது. சுமார் 110 மீட்டர் நீளம். பள்ளம் தோண்டி, அதில் சுண்ணாம்புக் கல்லை இடித்து நிரப்பி உண்டாக்கிய உருவம் அது. மண் மேல் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று கணக்கிடும் முறையில் 1990-களில் ஆராய்ந்தார்கள். கி.மு. 1380-க்கும் 550-க்கும் இடைப்பட்ட காலம் என்று தெரிந்தது.

என்னை மலைக்க வைப்பது வயது மட்டுமல்ல. கவனிக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் புல் அதை மூடிவிடும். அப்படியானால் இத்தனை காலமும், தலைமுறை தலைமுறையாக யாரோ மேலே ஏறிப் புல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். ரோமானியர்கள் வந்தார்கள், போனார்கள். மொழி மாறியது, மதம் மாறியது. குதிரையை எதற்காக வரைந்தார்கள் என்பதே மறந்துபோயிற்று. வேலை மட்டும் நிற்கவில்லை.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இது திருவிழாவாகவே நடந்தது. சுத்தம் செய்து முடித்ததும் மல்யுத்தம், சிலம்பம் போன்ற கம்புச் சண்டை, விருந்து எல்லாம் உண்டு. மேஞ்சர் என்ற செங்குத்தான பள்ளத்தாக்கில் பாலாடைக்கட்டி வட்டுகளை உருட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடுவார்கள். 1857-இல் நடந்ததுதான் கடைசிப் பெரிய விழா. அப்புறம் கொஞ்ச காலம் குதிரை புல் மண்டிக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே மூடினார்கள். போர் முடிந்ததும் மறுபடி திறந்தார்கள்.

இப்போது, பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் வேலை செய்வது தன்னார்வலர்களின் கைகள்தான். ஒரு சுத்தியல், ஒரு வாளி சுண்ணாம்புக் கல், முழங்காலுக்கு ஒரு மெத்தை. முதலில் ஓரத்துப் புல்லைச் சீவ வேண்டும். பிறகு கல்லைக் கொட்டி, மாவாகும் வரை அடித்து அடித்துப் பரப்ப வேண்டும். எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம், காலா வாலா என்றே தெரியாது. நான் போனபோது பக்கத்தில் ஒரு பாட்டி பேரனோடு வந்திருந்தார். பையன் கண் அருகே இடம் கேட்டு வாங்கிக்கொண்டான். பாட்டி பேச்சுக் கொடுத்தபடியே சுத்தியலை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார். மாலையில் அவர் முழங்கை வரைக்கும் வெள்ளை.

குதிரையின் தலையும் கழுத்தும் மெலிந்து வருவதை அண்மையில் கண்டுபிடித்தார்கள். ஓரங்களில் புல் மெல்ல மெல்ல உள்ளே வந்திருந்தது. 2024-இல் அதைச் சரிசெய்தார்கள். அது பெரிய பத்திரிகைகளில் வந்தது, நல்லதுதான். ஆனால் கெட்டுப்போனால்தான் அவை வருகின்றன. கெடாமல் பார்த்துக்கொள்ள இந்தச் சனிக்கிழமை யார் வருகிறார்கள், வாளி போதுமா, மழை வந்தால் என்றைக்குத் தள்ளிவைப்பது என்பதெல்லாம் ஊர்ப் பலகையில் மட்டுமே இருக்கும். அந்தச் செய்தியை நான் கொஞ்சமும் சின்னதாக நினைக்கவில்லை. குதிரை இன்னும் ஓடுவது அதனால்தான்.

அந்தப் பக்கம் இருக்கும் நேயர்கள் கோடையில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பார்க்க மட்டும் போகிறவர்கள் வடக்கே சமவெளியில் தள்ளி நின்று பாருங்கள், அங்கிருந்துதான் உருவம் பிடிபடும். மேலே ஏறினால் குதிரையின் மீது மட்டும் நடக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.