இறங்கும்போது சுடும் மலை

அன்பு நேயர்களுக்கு வணக்கம். துபாயில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். மலையேற்றம் என் தொழிலன்று. வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக இருந்த நாள்களில் நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் தொற்றிக்கொண்ட பழக்கம், 2022 ஜனவரியில் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகும் விடவில்லை. அக்டோபர் கடைசியில் காற்று சற்றே இளகியதும் தொடங்கி, ஏப்ரல் பிறக்கும் வரை மாதத்தில் இரண்டு முறையாவது ஹஜர் மலைகளுக்குப் போய் வந்துவிடுவேன். அந்த அனுபவத்தை மட்டுமே நம்பி இந்தப் பன்னிரண்டு நிமிட வானொலிப் பேச்சை ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்; நடுவிலும் ஒரு முறை சொல்வேன், பொறுத்தருள வேண்டும். நாம் ஊரில் பார்த்த மலைகளில் ஏறுவதுதான் பாடு, இறங்குவது சுகம். இந்தப் பாலைவனத்து மலைகளில் அந்தக் கணக்கு தலைகீழ். விடியற்காலையில் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்கும்போது பாறை குளிர்ந்திருக்கும், கால் புதிதாக இருக்கும், முதுகுப் பையில் தண்ணீர் நிறைந்திருக்கும். உயரம் கூடக்கூடக் காற்றும் குளிரும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி என்பது பொதுவான கணக்கு. திரும்பும்போதோ நண்பகல் கடந்திருக்கும். நாம் குளிரிலிருந்து வெயிலுக்குள் இறங்குகிறோம். காலையிலிருந்து வெந்த பாறை இருபுறமும் அனலை வீசுகிறது, பள்ளத்தாக்கின் சுவர்கள் காற்றை அடைத்துவிடுகின்றன, பையில் தண்ணீர் குறைந்திருக்கிறது, முழங்கால் நடுங்குகிறது. காலை ஆறு மணியின் குளிரை வைத்துப் பிற்பகல் இரண்டு மணிக்குத் திட்டமிடுவதுதான் இங்கே புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன்.

நகரத்தை விட்டுக் கிழக்கே புறப்பட்டால் முதலில் மணல்வெளி வருகிறது. அந்த மணலில் ஆங்காங்கே தனித்து நிற்கும் மரத்தை இங்குள்ளவர்கள் காஃப் என்கிறார்கள். 2008இல் அமீரகத்தின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. அது வேறு எதுவுமன்று, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். ஆழத்தில் இருக்கும் நீரை வேரால் தேடி எடுத்து, யாரும் ஊற்றாமலே பச்சையாக நிற்கிறது. முதல் முறை இதை அறிந்த நாளில், வேற்று நாட்டுச் சாலையில் சொந்தக்காரரை எதிர்பாராமல் பார்த்தது போல வண்டியை ஓரங்கட்டி இறங்கி அதன் அடியில் நின்றேன். இது மலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, மன்னிக்கவும்.

மணலைத் தாண்டியதும் மலை. ஹஜர் என்றாலே அரபு மொழியில் கல் என்றுதான் பொருள்; பெயர் வைத்தவர் மிகைப்படுத்தவில்லை. துபாயிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹத்தாவைச் சுற்றி இருப்பவை கருமையும் பழுப்புமான பாறைகள். சுமார் ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடித் தரையாக உருவாகி, பிறகு நிலத்தின்மேல் ஏறி வந்து படிந்தவை. பார்வைக்கு உறுதியாகத் தெரியும். காலை வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்து வழுக்கும். வடக்கே ராஸ் அல் கைமாவில், ஜபல் ஜெய்ஸ் சிகரம் இருக்கும் பக்கம், சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். அது வழுக்காது, ஆனால் அரம் போல அறுக்கும். கையுறை இல்லாமல் ஊன்றி ஏறினால் மறுநாள் கணினியில் தட்டச்சுச் செய்யும்போது உள்ளங்கை நினைவூட்டும்.

அறுக்கும் கல் என்றதும் ஷூ நினைவுக்கு வருகிறது. இதைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நேயர்களும் வானொலியை அணைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பருவத்தின் முதல் நடை. என்னுடன் வந்தவர் அலுவலகத்தில் எனக்கு இளையவர், என்னை அண்ணே என்றுதான் அழைப்பார். நல்ல விலையில் வாங்கிய மலையேற்ற ஷூ. ஏப்ரலில் கழுவித் துடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, பால்கனியில் வைத்திருந்தார். ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் எடுத்து அணிந்தார். பார்க்கப் புதிதாகவே இருந்தது. ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. மேலே மேட்டுநிலத்தில் அமர்ந்து புளிச்சோறு சாப்பிட்டு எழுந்தபோது, “அண்ணே, காலில் என்னமோ தட்டுகிறது” என்றார். குனிந்து பார்த்தால் இடது ஷூவின் அடிப்பகுதி முன்பக்கத்தில் பிரிந்து, முதலை வாயைத் திறந்தது போல இளித்துக்கொண்டிருந்தது. அதைத் தொட்டபோது நடுவே இருந்த மெத்தைப் பகுதி பழைய பிஸ்கட் போல விரலில் நொறுங்கி வந்தது.

என் தண்ணீர்ப் பாட்டிலின்மேல் எப்போதும் ஒட்டுநாடாவை நாலைந்து சுற்று சுற்றி வைத்திருப்பேன். அதைப் பிரித்து ஷூவைச் சுற்றிக் கட்டினோம். இருபது நிமிடம் தாங்கியது. சுண்ணாம்புக்கல் நாடாவை அறுத்துவிட்டது. பிறகு ஷூவின் கயிற்றையே அடியில் கொடுத்துக் கட்டினோம், அதுவும் அறுந்தது. கடைசியில் என் தோளில் கிடந்த துண்டை நீளவாட்டில் நான்காகக் கிழித்து, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போலப் பாதத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினோம். ஈரிழைத் துண்டுக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று நெய்தவரும் எண்ணியிருக்க மாட்டார். ஒருவாறு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வலது ஷூவும் வாயைத் திறந்தது. திறக்காமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை அல்லவா?

இரண்டு மணி நேரத்தில் இறங்கியிருக்க வேண்டிய பாதை ஐந்து மணி நேரம் எடுத்தது. பதினொன்றரைக்குப் புறப்பட்ட நாங்கள் நான்கரைக்கு அடிவாரத்தைக் கண்டோம். மூன்று மணிக்கே தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடைசி மடக்கை அவர் என்னிடம் நீட்ட, நான் அவரிடம் நீட்ட, ஒருவருக்கொருவர் உபசாரம் செய்துகொண்டிருந்தோம். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. பேச நா எழவில்லை என்பதுதான் உண்மை. கீழே ஒரு தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்தார், நண்பரின் கால்களைக் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் குழாயைத் திறந்துவிட்டார். அந்த நீர் வெந்நீராகத்தான் வந்தது. அதையும் குடித்தோம்.

நடந்தது என்னவென்று பிறகு விசாரித்து அறிந்தேன். இத்தகைய ஷூக்கள் பலவற்றின் நடுப்பகுதி பாலியூரிதேன் என்னும் பொருளால் ஆனது. வெப்பமும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து அதைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். துபாயின் கோடையில் பால்கனி என்பது வெப்பமும் ஈரமும் ஒன்றாகக் குடியிருக்கும் இடம். விந்தை என்னவென்றால், அணியாமல் வைத்திருந்தால் இது விரைந்து கெடும்; அவ்வப்போது அணிந்து நடந்தால் உள்ளே தங்கும் ஈரம் பிழிந்து வெளியேறும். ஆகவே ஷூவை குளிரூட்டிய அறைக்குள் வையுங்கள், கோடையில் வாரத்துக்கு ஒரு நாள் அணிந்து கட்டடத்துக்குள்ளேயே நடங்கள், பருவத்தின் முதல் நடைக்கு முந்தைய வாரம் நன்றாக வளைத்துப் பார்த்து நடுப்பகுதியில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வண்டியின் பின்பெட்டியும் பால்கனியும் ஒன்றுதான், அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தண்ணீரைப் பற்றி எல்லாரும் சொல்வதாலேயே யாரும் கேட்பதில்லை. வெயிலில் ஏறும் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை எளிதாகப் போய்விடும். ஆறு மணி நேர நடைக்கு ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ சுமை; அதனால்தான் மனிதர்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் கடைப்பிடிக்கும் விதி எளியது: திரும்பும் இடத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்க வேண்டும். பாதியன்று, பாதிக்கு மேல். ஏனென்றால், முதலில் சொன்னேனே, இறங்கும் வழிதான் சுடும் வழி. பாதித் தண்ணீர் தீரும் முன்பே, உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். இன்னொன்று, வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு. உப்புக் கடலை, ஊறுகாய் வைத்த கட்டுச்சோறு, உப்புச் சர்க்கரைக் கரைசல், ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

நேரக் கணக்கு தண்ணீர்க் கணக்கின் உடன்பிறப்பு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஒரு விதி சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போக வரப் பத்து கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி நேரம் ஆகிறது. அவர் குளிர்நாட்டுக்காரர், நான் இங்கே அதில் பாதியை மேலும் கூட்டி ஐந்தேகால் மணி என்று வைத்துக்கொள்கிறேன். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், இங்கே அந்தி நீளாது. மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணித் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, தலையில் மாட்டும் டார்ச் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வடக்கே எல்லையோரத்தில் செல்பேசி ஓமன் நாட்டு அலைக்குத் தாவிவிடுவதுண்டு. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்வதும், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவதும் நல்லது.

நேரம் ஓடுகிறது, ஆனாலும் பூட்டு வீட்டைச் சொல்லாமல் போக மனமில்லை. ராஸ் அல் கைமா மலைகளின் மேட்டுநிலங்களில் பாழடைந்த கல்வீடுகளைப் பார்க்கலாம். பைத் அல் குஃப்ல் என்று பெயர். பூட்டின் வீடு என்று பொருள். தரை நிலமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்டிருக்கும், வாயிலில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும், சுவருக்கு இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாத பலகைக் கற்கள். மழைநீரைத் தேக்கிக் கோதுமையும் வாற்கோதுமையும் விளைவித்த மலைமக்கள், கோடையில் பேரீச்சை அறுவடைக்குக் கடற்கரைக்கு இறங்கும்போது தானியத்தை இதற்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே தானியச் சாடிகள் வாயிலைவிடப் பெரியவை. உள்ளே எப்படிப் போயின? சாடியை வைத்துவிட்டுச் சுவரை எழுப்பினார்கள்! திருடன் சாடியைத் தூக்கிக்கொண்டு வெளியேறவே முடியாது. கணக்கெழுதுபவன் என்ற முறையில் இதைவிடச் சிறந்த இருப்புக் கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை. பார்க்கலாம்; ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம்.

கண்ணாடிக்கு அப்பால், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று, இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். விரைந்து சொல்ல வேண்டியது வெள்ளம். வாதி என்று இங்கே சொல்லும் வறண்ட ஓடைகள்தாம் நம் பாதைகள். மலையில் நீரை உறிஞ்சும் மண் கிடையாது. பெய்தது அப்படியே வழிந்து கீழே சேரும். மேலே எங்கோ இடி, உங்கள் தலைக்குமேல் நல்ல வெயில், அப்போதும் வெள்ளம் வரும். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழை அறிவிப்பு இருந்தால் போகாதீர்கள். ஓடையில் இருக்கும்போது நீர் கலங்கினாலோ இரைச்சல் கேட்டாலோ பையை விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளிகள், வண்டி 60 நாள் பறிமுதல். ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய எண் 999.

ஓமனின் ஜபல் ஷம்ஸைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வந்தேன். ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம். குளிர்கால இரவில் பாட்டில் தண்ணீர் உறைந்துவிடும். அங்கே மாபெரும் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி, கைவிடப்பட்ட ஒரு சிற்றூருக்குப் போகும் பாதை ஒன்று உண்டு. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம்... ஒரு விரலும் மடங்கிவிட்டது. மறுபக்கத்தை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.