மாஸ்க்கைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்

வணக்கம். மூச்சுத் திணறலோடு போனால் மாஸ்க் மாட்டி 'புகை வைக்கிறார்கள்' அல்லவா, அந்த நெபுலைசரைப் பற்றித்தான் இன்று. புகை வருகிறதா என்றுதான் எல்லாரும் பார்க்கிறோம். சுவரில் இருக்கிற ஆக்சிஜன் மீட்டரையும் கொஞ்சம் பாருங்கள்.

மாஸ்க்குக்கு அடியில் ஒரு சின்னக் கப் தொங்கும். கீழேயிருந்து வரும் ஆக்சிஜன் ஊசித்துளை வழியே சீறி, மருந்தை இழுத்துப் பொடித்துளியாக உடைக்கிறது. 1 முதல் 5 மைக்ரான் துளிதான் நுரையீரலுக்குள் ஆழமாக இறங்கும், பெரியது தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆக, ஆக்சிஜனுக்கு இங்கே இரட்டை வேலை. மூச்சுக்கும் அதுதான், மருந்தை உடைப்பதும் அதுதான். அதற்கு நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் ஓட வேண்டும். மூக்குக்குழாயில் ஓடிய 2 லிட்டரை மாற்றாமல் கப்பை மாட்டினால் மருந்து வெறுமனே கொப்பளிக்கும். இன்னொரு தடவை சொல்கிறேன்: 6 முதல் 8. மீட்டருக்குள் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

மீட்டரில் தொங்கும் தண்ணீர் பாட்டிலையும் கழற்றிவிட வேண்டும். அதன் வழியே குழாயை மாட்டினால் ஊசித்துளையில் அடைபட்ட காற்று திருப்பித் தள்ளும். பாட்டிலின் வால்வு விசிலடிக்கும், காற்று அங்கேயே போய்விடும். வீட்டில் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், வைத்திருப்பவர்கள் அதில் கப்பை மாட்ட வேண்டாம், அந்த அழுத்தம் அதற்குக் கிடையாது. காற்றை அழுத்தித் தள்ளும் தனி கம்ப்ரசர் வேண்டும்.

'மருந்தில் ஏன் சலைன் கலக்கிறார்கள், வீரியம் குறையாதா' என்று கேட்பவர்கள் உண்டு. மூச்சுக்குழலை விரிக்கும் ஆஸ்தலின் மருந்தின் சின்னக் குப்பி, ரெஸ்பியூல் என்பார்கள், ஒன்று 2.5 மில்லி. எப்படி வைத்தாலும் கடைசியில் சுமார் 1 மில்லி கப்பிலேயே ஒட்டி நின்றுவிடும். 2.5-இல் ஒன்று போனால் ஐந்தில் இரண்டு பங்கு வீண். நார்மல் சலைன் சேர்த்து 4 மில்லியாக்கினால் கால் பங்குதான் வீண். வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கூடாது, மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும்.

நான் அழுத்திச் சொல்ல வந்தது இதுதான். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை என்று பல வருஷம் நுரையீரல் கெட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகளில் சிலருக்கு ஆக்சிஜன் கூடினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் அவர்களுக்கு 88 முதல் 92 போதும். 8 லிட்டர் ஆக்சிஜனில் அரை மணி நேரம் மாஸ்க் இருந்தால் எண் 99 காட்டும், ஆள் கண்ணயர்வார். 'அப்பாடா, தூங்கிட்டார்' என்று வீட்டார் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது தூக்கமாக இல்லாமல் இருக்கலாம்! எழுப்பிப் பாருங்கள், சரியாகப் பேசவில்லையென்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இவர்களுக்கு கம்ப்ரசர் காற்றில் மருந்து, மாஸ்க்குக்கு அடியில் மூக்குக்குழாய் வழியே டாக்டர் சொன்ன அளவு ஆக்சிஜன், அதுதான் முறை. வேறு வழியில்லாமல் ஆக்சிஜனிலேயே வைத்தால் 6 நிமிஷத்தோடு நிறுத்த வேண்டும். கடுமையான ஆஸ்துமா இதற்கு நேர் எதிர்: அங்கே ஆக்சிஜனில் வைப்பதுதான் சரி.

நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் இரண்டு மருந்து கலந்த டுவோலின் வைக்கும்போது மாஸ்க் மேல்விளிம்பு மூக்கில் படிந்திருக்கட்டும், கண்ணில் புகை படக் கூடாது, கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு முக்கியம். பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து வைத்தால் வாய் கொப்பளித்து முகம் கழுவணும். கப்பை ஒவ்வொரு முறையும் கழுவி, உதறி, காற்றில் காயவிடுங்கள். துணியால் துடைக்காதீர்கள். வணக்கம்.