அடிபட்டவர் யாரிடம் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

2015 டிசம்பர் 23. உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து மின்சாரத்தைத் துண்டித்தார்கள். சுமார் 2,25,000 நுகர்வோர் இருட்டில். போதாததற்கு, புகார் சொல்லும் தொலைபேசியையும் போலி அழைப்புகளால் அடைத்துவிட்டார்கள்.

இணையப் பயங்கரவாதத்தை எதிர்க்க நிறுவனங்கள் கைகோக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். கைகோப்பது முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்: யாரை, எந்த வழியில் கூப்பிடுவது? தாக்கப்பட்ட அலுவலகத்தின் மின்னஞ்சலை எதிராளியும் படித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே தொடர்பு எண்கள் காகிதத்தில் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்களை அழைத்துப் பாருங்கள். பாதிப் பேர் வேலை மாறியிருப்பார்கள்!

அடுத்தது தயக்கம். கொடுத்த தகவல் நாளைக்குச் செய்தித்தாளில் வந்துவிடுமோ என்ற பயம். அதற்குத்தான் போக்குவரத்து விளக்கு போன்ற நிறக் குறியீடு இருக்கிறது. சிவப்பு என்றால், தகவல் அதைப் பெற்றவரோடு நிற்க வேண்டும். ஆம்பர், அதாவது மஞ்சள் என்றால், தேவைப்படும் அளவுக்கு மட்டும் தன் நிறுவனத்துக்குள்ளும் வாடிக்கையாளரிடமும் சொல்லலாம். பச்சை என்றால், துறை வட்டாரத்துக்குள் பகிரலாம். நிறம் போடாத தகவலை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அனுப்புவதிலும் பக்குவம் வேண்டும். "10.15-க்கு நுழைந்தான்" என்று எழுதினால், எந்த ஊர் 10.15? உலகப் பொது நேரத்தில் எழுதாவிட்டால் இரண்டு நிறுவனங்களின் லாக் பதிவுகள், அதாவது கணினி தானே எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்புகள், ஒன்றோடொன்று பொருந்தாது. தாக்கியவர் பயன்படுத்திய ஐபி முகவரிகளை, அதாவது இணையத்தில் கணினியைக் காட்டும் எண்களை, வெறும் பட்டியலாக அனுப்புவதும் ஆபத்துதான். ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இயங்கலாம். தடுத்தால் அப்பாவிகளும் முடங்குவார்கள். அந்த முகவரியை எப்போது பார்த்தது, எந்த நாள்வரை அந்தத் தகவல் செல்லுபடியாகும் என்ற தேதிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

பதற்றத்தில் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடுவது எங்கும் நடக்கிற தவறு. மின்சாரம் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருந்த தடயம் அத்தோடு போச்சு. வலையமைப்பிலிருந்து கழற்றுங்கள், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். முதலில் அந்த நினைவகத்தை நகலெடுத்து, நகல் பிறகு மாறவில்லை என்று காட்ட உதவும் அதன் ஹேஷ் மதிப்பைக் குறித்துக்கொண்டு பிறகு மற்ற வேலை.

தடயம் வெளிநாட்டுச் சர்வரில் இருந்தால்? இணையக் குற்றங்கள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான 2001-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்படிக்கைப்படி, உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் 24 மணி நேரத் தொடர்பு மையம் உண்டு. அதன் வழியாகக் காவல்துறை கேட்டால், தரவை அழியாமல் குறைந்தது 60 நாள் வைத்திருப்பார்கள். வைத்திருப்பதுதான்; கையில் தருவதில்லை. அதற்கான முறையான சட்டக் கோரிக்கையை அந்த அவகாசத்துக்குள் தனியாக அனுப்பியாக வேண்டும்.