பல்பின் மேல் பழி

நேயர்களுக்கு வணக்கம். நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். பட்டறைக்கு வண்டி வந்து நின்றதும் டிரைவர் சொல்கிற முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹெட்லைட் டல்லடிக்குது, பெரிய பல்பா போட்டு விடுங்க."

போன மழைக்காலத்தில் ஒரு டிரெய்லர் வந்தது. டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "தொப்பூர் எறக்கத்துல முன்னாடி போற வண்டியே தெரியலைங்க தம்பி. எல்.ஈ.டி. போட்டுக் குடுத்துருங்க" என்றார். கையில் பெட்டியோடு வாங்கியே வந்துவிட்டார். அவர் பயம் நியாயம்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். லோடோடு இறக்கத்தில் வரும்போது இருட்டில் ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்டியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது டைனமோ 28 வோல்ட் பக்கத்தில் சார்ஜ் கொடுக்கும். இந்த வண்டியில் லைட்டைப் போட்ட நிலையில் பேட்டரி முனையில் 27.6 இருந்தது. நல்ல சார்ஜ். அதே நேரத்தில் பல்பு ஹோல்டருக்குப் பின்னால் பின்னைக் குத்திப் பார்த்தால் 24.1தான். மூன்றரை வோல்ட் வழியிலேயே போய்விட்டது.

மூன்றரை வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு குறைவதோடு நிற்காது. ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஃபிலமெண்டின் சூடு கொஞ்சம் தணிந்தாலே வெளிச்சம் மஞ்சளாகிச் சரிந்துவிடும். அப்படிப் பார்த்தால் இவருடைய வண்டி மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு மேல் இழந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. பல்பு மேல் என்ன தப்பு?

எங்கே போனது அந்த வோல்ட்? மீட்டரின் ஒரு முனையை பல்பின் எர்த்திலும், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் ஒயரிலும், மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைத்தேன். லைட் எரியும்போது அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 1.4 காட்டியது. எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் கேபினுக்கு அடியில் ஒரு போல்ட்டில் முடிந்தது. யாரோ சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தபோது போல்ட்டையும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். கழற்றினால் உள்ளே துரு பொரிந்து கொட்டியது. ஒயரின் தோலை ஒரு விரல் நீளம் சீவினேன். செம்பு பச்சை பூத்துக் கறுத்துக் கிடந்தது. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து இறுக்கிய பின்புதான் கிரீஸ் தடவினேன்.

மீதி 2.1 வோல்ட் பிளஸ் பக்கம் போனது. பல வண்டிகளில் கரண்ட் பேட்டரியிலிருந்து கேபினுக்கு ஏறி, டேஷ்போர்டு சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச் இரண்டையும் சுற்றிக்கொண்டு மறுபடி பம்பருக்கு இறங்குகிறது. மெல்லிசு ஒயர், அத்தனை தூரம், போதாததற்கு சுவிட்சின் உள்ளே கரி பிடித்த முனைகள். இரண்டு பல்பும் எரிந்தால் சுமார் 6 ஆம்பியர் அதன் வழியே ஓட வேண்டும்.

இதற்கு மருந்து ரிலே: சின்னக் கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஒரு சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு நேரே கொண்டு வர வேண்டும். 87லிருந்து பல்புக்கு. பழைய சுவிட்ச் ஒயர் 86க்கு, 85 எர்த்துக்கு. இனிமேல் சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். அதற்குக் கால் ஆம்பியர் கூட ஆகாது. 24 வோல்ட் ரிலே என்று பார்த்து வாங்குங்கள். கார் ரிலே கையில் இருக்கிறதே என்று மாட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். வேலை முடிந்து பார்த்தபோது பல்பில் 27 வோல்ட் வந்தது. பிரைட்டுக்கு 75, டிம்முக்கு 70 வாட்ஸ் என்றிருந்த அதே பழைய பல்புதான்! டிரைவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

கூடுதல் வாட்ஸ் பல்பு போடலாமே என்பார்கள். ஒயர் அப்படியே இருக்க, 100 வாட்ஸ் போட்டால் கரண்ட் இன்னும் ஏறும், இழப்பும் ஏறும், ஹோல்டர் உருகிப் பல்போடு ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ பிடுங்கியிருக்கிறேன். எல்.ஈ.டி. சங்கதி வேறு. டிம், பிரைட் இரண்டும் ஒன்றிலேயே இருக்கிற ஹெச்4 வகை பல்புக்குள் டிம் ஃபிலமெண்டுக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டுச் சாலைக்கு இறங்குவது அதனால்தான். ஹாலஜனுக்காக வார்த்த ரிஃப்ளெக்டரில் வேறு வடிவ எல்.ஈ.டி.யைச் செருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். வண்டிக்குக் கிட்டத்தில் ரோடு வெள்ளையாகத் தெரியும், நமக்கும் திருப்தியாக இருக்கும், ஆனால் எதிரே வருகிறவர் கண் கூசித் தடுமாறுவார். எனக்கு அந்த வியாபாரம் வேண்டாம்.

சரி, லென்ஸ் மஞ்சளாகிப் புகைபடிந்த மாதிரி இருந்தால் தண்ணீர் விட்டு 1000, 2000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து பாலிஷ் போடலாம். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சே உரிந்திருந்தால் செட்டையே மாற்ற வேண்டியதுதான்.

அந்த டிரைவர் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். "வெளிச்சம் அருமைங்க தம்பி. ஆனா டிம்முல போனாலும் எதுக்க வர்றவனெல்லாம் எனக்கு டிம் அடிக்கிறான்" என்றார். தப்பு என்னுடையது. காலி வண்டியில் லைட்டைச் சரிபார்த்து அனுப்பியிருந்தேன்; பின்னால் லோடு ஏறியதும் மூக்கு தூக்கிக்கொண்டது. வண்டியை லோடோடு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, லைட்டின் மைய உயரத்துக்குச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டோம். டிம்மின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 15 சென்டிமீட்டர் கீழே விழும்வரை ஸ்க்ரூவைத் திருகினோம். அதற்குக் கூலி வாங்கவில்லை. டீ மட்டும் அவர் வாங்கிக் கொடுத்தார். எல்.ஈ.டி. பெட்டியை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.