டோக்கியோ முதல் தடவை போறீங்களா? ஊரை விடுங்க, ஸ்டேஷனைப் படிங்க

வணக்கம்ங்க! கிருஷ்ணகிரியில இருந்து பேசறேன். ஓசூர் சிப்காட் கம்பெனிகள்ல இருந்து ட்ரெய்னிங்னு ஜப்பான் போறவங்க இருக்காங்க, குடும்பத்தோட சுத்திப் பாக்கப் போறவங்களும் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்த வீடியோ. டவர், கோயில், சிக்னல்ல கூட்டம் கடக்குற ஷாட் எல்லாம் வேற வீடியோல நிறைய கிடைக்கும். முதல் ரெண்டு நாள் அங்க எது கண்ணுல படும், எங்க மாட்டிக்குவீங்க, அதை மட்டும் பேசலாம்.

முதல்ல பெட்டி. நம்ம ஊருக்காரங்க யார் வீட்டுக்குப் போனாலும் மாம்பழம் இல்லாம போக மாட்டோம். ஜப்பானுக்கு அது நடக்காதுங்க. பழ ஈ பயத்துனால நம்ம நாட்டு மாம்பழத்தைக் கையில கொண்டு போக விடமாட்டாங்க. பச்சைக் காய்கறி, விதை எதுவா இருந்தாலும் செடிகொடி ஆய்வுச் சான்றிதழ் கேப்பாங்க. உப்புக்கண்டம், சிக்கன் ஊறுகாய் மாதிரி கறி சேர்ந்த எதுவும் கூடாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு எடுத்துக்கோங்க, அங்க சாதம் எங்கயும் கிடைக்கும். மாத்திரையில ஒரு எச்சரிக்கை: சளிக்குப் போடுற சில மாத்திரைல சூடோஎஃபெட்ரின் இருக்கும், இருமல் மருந்துல கோடீன் இருக்கும். அளவு தாண்டினா அங்க அது சட்டப்படி குற்றம். அட்டையைத் திருப்பிப் படிச்சுட்டு பெட்டியில வைங்க. மத்த மாத்திரை ஒரு மாசத்துக்கு மேல வேண்டாம், டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும்.

சார்ஜர் விஷயம். அங்க கரண்ட் 100 வோல்ட். ப்ளக் ரெண்டு தட்டைக் கம்பி, நம்ம உருண்டைக் கம்பி உள்ள போகாது, அடாப்டர் வேணும். போன், லேப்டாப் சார்ஜர்ல 100-240 வோல்ட்னு எழுதியிருக்கும், அதுக்குப் பிரச்சினை இல்ல. நம்ம வீட்டு எலக்ட்ரிக் குக்கரும் கெட்டிலும் 230 வோல்ட்டுக்குச் செஞ்சது. அங்க போட்டா சாதம் வேகுறதுக்குள்ள பசி போயிடும். தூக்கிட்டுப் போகாதீங்க.

விசா இப்போ இ-விசாவாவும் கிடைக்குது. இதுல பலரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. பிரிண்ட் எடுத்ததோ, ஸ்கிரீன்ஷாட்டோ, பிடிஎஃப்போ செல்லாது. அந்த வெப்சைட்டை நேரடியா ஓப்பன் பண்ணி, விசா கொடுத்ததுக்கான அறிவிப்பை நெட் இருக்கிற போன்லயே காட்டணும். பெங்களூர் ஏர்போர்ட் கவுண்டர்லயே கேப்பாங்க, அதனால டேட்டாவும் சார்ஜும் இருக்கணும். 'விசிட் ஜப்பான் வெப்'னு ஒரு அரசு தளம் இருக்கு. இமிக்ரேஷனுக்கும் கஸ்டம்ஸுக்கும் அதுல முன்னாடியே விவரம் போட்டு க்யூஆர் எடுத்துட்டா, அங்க போய் ஃபார்ம் எழுதுற வேலை மிச்சம்.

பெங்களூருல இருந்து டோக்கியோவோட நரிட்டா ஏர்போர்ட்டுக்கு நேரடி விமானமே இருக்கு. வெளிநாட்டு விமானம் எல்லாம் ரெண்டாவது டெர்மினல். தர்மபுரியில இருந்து கார்ல போறவங்க டோல்கேட்னு கணக்குப் போடாதீங்க, ஓசூர் தாண்டினதுக்கு அப்புறம் சில்க் போர்டுலயும் ஹெப்பாள்லயும்தான் நேரம் போகும். டிராஃபிக் நேரம்னா அஞ்சு மணி நேரம் வச்சுக்கோங்க. ஜப்பான் நேரம் நம்மளைவிட மூணரை மணி நேரம் முன்னாடி.

நரிட்டா, டோக்கியோ நடு ஊருல இருந்து 60 கிலோமீட்டருக்கு மேல. டாக்ஸின்னு வாயைத் திறக்காதீங்க, பர்ஸு காலி. உவேனோ பக்கம் ரூம்னா ஸ்கைலைனர் ரயில், முக்கால் மணி நேரத்துக்குள்ள விட்டுடும். டோக்கியோ ஸ்டேஷன், ஷின்ஜுக்கு பக்கம்னா நரிட்டா எக்ஸ்பிரஸ். செலவு குறைக்கணும்னா டோக்கியோ ஸ்டேஷன் போற பஸ். இன்னொரு ஏர்போர்ட் ஹனேடா, அதுல இறங்கினீங்கன்னா ஊருக்குள்ளயே இறங்கின மாதிரிதான். ரூம் எந்தப் பக்கம்னு பாத்துட்டு ரயிலை முடிவு பண்ணுங்க. ரயிலைப் பிடிச்சுட்டு அப்புறம் யோசிச்சா ரெண்டு பெட்டியோட ரெண்டு தடவை மாறணும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். டோக்கியோ பெரிய ஊருன்னு பயப்படறாங்க. ஒன்றரைக் கோடி பேருக்குக் கிட்ட இருக்கிற ஊரு, உண்மைதான். ஆனா ஊருல யாரும் தொலையறது இல்லைங்க. ஸ்டேஷனுக்குள்ளதான் தொலையறாங்க. ஷின்ஜுக்கு ஸ்டேஷனுக்கு மட்டும் 200-க்கு மேல வாசல் இருக்கு. தப்பான வாசல்ல வெளிய வந்தா நீங்க தேடுற கட்டடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிக்கும். சுத்தி வர கால் மணி, இருபது நிமிஷம் நடக்கணும்.

அதனால மேப்ல இடத்தைத் தேடும்போது ஸ்டேஷன் பேரோட நிக்காதீங்க, எந்த எக்ஸிட்னு பாருங்க. ஏ1, பி5, கிழக்கு வாசல், தெற்கு வாசல்னு போட்டிருக்கும். ரயில்ல இருந்து இறங்கினதும் மஞ்சள் போர்டைத் தேடுங்க, வெளிய போற வழி மஞ்சள்லதான் இருக்கும். உங்க எக்ஸிட் நம்பர் கண்ணுல படாம கேட்டைத் தாண்டாதீங்க. இன்னொண்ணு, தரைக்கு அடியில போன்ல நீலப்புள்ளி தாறுமாறா குதிக்கும், அதை நம்பி நடக்க வேண்டாம். அங்க போர்டுதான் ராஜா. வயசானவங்க கூட இருந்தா லிஃப்ட் இருக்கிற எக்ஸிட் எதுன்னும் பாருங்க, எல்லா வாசல்லயும் லிஃப்ட் கிடையாது.

அடுத்த குழப்பம் கம்பெனி. ஒரே ஊருல ஜேஆர் (ஜப்பான் ரயில்வேஸ்) ஓட்டுது, டோக்கியோ மெட்ரோ 9 லைன் ஓட்டுது, மாநகராட்சியோட தோயெய் 4 லைன் ஓட்டுது, அது போக தனியார் ரயில் வேற. ஒருத்தர் பாஸ் இன்னொருத்தர்கிட்ட செல்லாது. கவர்மெண்ட் பஸ் பாஸை வச்சுக்கிட்டு தனியார் பஸ்ல ஏறினா கண்டக்டர் என்ன சொல்லுவார்? அதேதான். 24 மணி நேர சப்வே டிக்கெட்னு ஒண்ணு விக்கிறாங்க, மெட்ரோவுக்கும் தோயெய்க்கும் செல்லும், பச்சை நிற யமனோத்தே லைனுக்குச் செல்லாது. ஏன்னா அது ஜேஆர்.

இந்தத் தலைவலிக்கு மருந்து, காசு ஏத்தி வச்சுக்கிற சுய்க்கா, இல்லன்னா பாஸ்மோ கார்டு. எல்லா கம்பெனியும் வாங்கிக்கும். கேட்ல ஒரு தொடு, இறங்குற இடத்துல ஒரு தொடு, காசு தானா கழியும். 500 யென் டெபாசிட். டூரிஸ்டுக்கு வெல்கம் சுய்க்கான்னு தனியா இருக்கு, டெபாசிட் கிடையாது, 28 நாள் செல்லும், மிச்சக் காசு திரும்பக் கிடைக்காது. ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டை ரெண்டு பேர் தொட முடியாது. ஐபோன்ல சுய்க்காவைப் போனுக்குள்ளயே போட்டுக்கலாம். நம்ம ஊருல வாங்கின ஆண்ட்ராய்டு போன்ல பெரும்பாலும் வராது, அங்க வேற சிப்பு வேணும், போனைக் குறை சொல்லாதீங்க. ரீசார்ஜ் மிஷின் நிறைய இடத்துல ரொக்கம் மட்டும்தான் வாங்கும், அதனால 1,000 யென் நோட்டு சிலது கையில இருக்கட்டும். வெளிய போகும்போது கேட் படக்னு மூடிக்கிச்சுன்னா பதறாதீங்க, பேலன்ஸ் குறைவு, அவ்வளவுதான். பக்கத்துலயே ஃபேர் அட்ஜஸ்ட்மென்ட் மிஷின் இருக்கும், காசு போட்டுட்டு திரும்பத் தொடுங்க. பின்னாடி வர்றவங்களுக்கு வழி விட்டு நகந்து நின்னா போதும், யாரும் திட்ட மாட்டாங்க.

ஸ்டேஷன் பேரு வாயில நுழையலைன்னா ஸ்டேஷன் நம்பரைப் பிடிச்சுக்கோங்க. யமனோத்தே வட்டமா ஓடுற லைன், 30 ஸ்டேஷன், முழுசா சுத்த ஒரு மணி நேரம். ஜேஒய்னா யமனோத்தேன்னு அர்த்தம்: ஜேஒய் 5 உவேனோ, ஜேஒய் 17 ஷின்ஜுக்கு, ஜேஒய் 20 ஷிபுயா. நம்பர் ஏறுதா இறங்குதான்னு பாத்தா எந்தப் பக்க ரயில்னு தெரிஞ்சிடும். தப்பா ஏறினாலும் வட்டம்தானே, சேர வேண்டிய இடம் வரும். ஆனா டோக்கியோ ஸ்டேஷன்ல இருந்து ஷின்ஜுக்கு போக அந்த வட்டத்துல அரை மணி நேரம், குறுக்கால போற ஆரஞ்சு கலர் சூவோ ராபிட்ல கால் மணி நேரம்தான்.

காலைல ஏழரையில இருந்து ஒன்பது வரைக்கும் பெட்டி, குழந்தையோட ரயில் பக்கம் போகாதீங்க. அந்த நேரத்துல சில ரயில் பெட்டி பெண்களுக்கு மட்டும், பிளாட்பாரத்துலயே பிங்க் கலர்ல எழுதியிருக்கும், அண்ணனுங்க தரையைப் பாத்து நில்லுங்க. எஸ்கலேட்டர்ல டோக்கியோக்காரங்க இடது பக்கம் நிப்பாங்க. ரயிலுக்குள்ள போன் பேசற வழக்கம் கிடையாது. அவ்வளவு கூட்டத்துல அந்த அமைதிதான் நம்ம ஆளுங்களுக்கு முதல்ல உறைக்கும், ஒரு வீடியோ கால் போட்டாப் போதும், மொத்தப் பெட்டிக்கும் நம்ம வீட்டு விஷயம் தெரிஞ்சிடும்.

வெளிய வந்தா ரோட்டுல குப்பை இல்ல, குப்பைத்தொட்டியும் இல்ல. 1995-ல சப்வேல விஷவாயு வச்சாங்க, அதுக்கப்புறம் தொட்டிகளை எடுத்துட்டாங்க. கவர் ஒண்ணு பையில வச்சுக்கோங்க, ரூமுக்குக் கொண்டு வந்து போடுங்க. கூல்ட்ரிங்க்ஸ் மிஷின் பக்கத்துல இருக்கிற தொட்டி காலி பாட்டிலுக்கு மட்டும். கைக்குட்டையும் வேணும், ஏன்னா கை கழுவுற இடத்துல துடைக்க பேப்பர் பல சமயம் வச்சிருக்க மாட்டாங்க. டாய்லெட்டைப் பத்தி எல்லாருக்கும் ஒரு கவலை இருக்கும். வேண்டவே வேண்டாம், பட்டனை அழுத்தினா தண்ணி வரும், நம்ம பழக்கத்துக்கு ஐரோப்பாவைவிட ஜப்பான்தான் சௌகரியம். எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துற பட்டன் எதுன்னு பாத்துக்கோங்க, இல்லன்னா சட்டை நனையும். பேப்பரை உள்ளயே போட்டு ஃப்ளஷ் பண்ணணும்.

சாப்பாடு சைவத்துக்குக் கஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்ல. தாஷின்னு ஒரு சாறு, உலர்ந்த மீன்ல எடுப்பாங்க. மிசோ சூப்பு, உடோன், சோபா நூடுல்ஸ் எல்லாத்துக்கும் அதுதான் அடி. 'கறி இல்லாம'ன்னு சொன்னாலும் மீன் சாறு அவங்க கணக்குல கறி ஆகாது. சூப்பர் மார்க்கெட்ல விக்கிற ஜப்பான் குழம்பு மசாலாக் கட்டியில (கர்ரி ரூ) மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கலாம், போன் கேமரால மொழிபெயர்த்துப் பாத்து வாங்குங்க. நம்ம சாப்பாட்டுக்கு ஆசை வந்தா டோக்கியோ மெட்ரோவோட தோஸாய் லைன்ல நிஷி-கசாய் ஸ்டேஷன். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற ஏரியா, ஓட்டலும் மளிகைக் கடையும் இருக்கு. பைப் தண்ணி தாராளமா குடிக்கலாம்.

காசு விஷயத்துல, யுபிஐ நம்பிப் போகாதீங்க. செவன் லெவன் கடை ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டு எடுக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் பயன்பாட்டை ஆன் பண்ணுங்க. ஓடிபி வர்றதுக்காக நம்ம சிம்ல ரோமிங்கும் இருக்கட்டும், டேட்டாவுக்கு மட்டும் இ-சிம் போட்டுக்கோங்க. டிப்ஸ் கொடுக்காதீங்க, திருப்பிக் கொடுத்துடுவாங்க.

ரூம் சின்னது. 12, 13 சதுர மீட்டர்னா நம்ம கணக்குல 130, 140 சதுர அடி. ரெண்டு பெரிய பெட்டியைத் திறந்தா நடக்க இடம் இருக்காது. பெரும்பாலும் ஆள் கணக்குலதான் வாடகை. ரெண்டு பேருக்குப் போட்டுட்டு மூணாவது ஆளை உள்ள விட்டுக்கலாம்ங்கிற நம்ம ஊர் யோசனை அங்க எடுபடாது. செக்-இன் பெரும்பாலும் மதியம் 3 மணிக்கு மேல, பெட்டியை மட்டும் முன்னாடியே வாங்கி வச்சுக்குவாங்க. பாஸ்போர்ட்டை ரூம்ல பூட்டிட்டுப் போகாதீங்க, எப்பவும் கையில வச்சிருக்கணும்னு அங்க சட்டம்.

உயரத்துல இருந்து ஊரைப் பாக்க 634 மீட்டர் ஸ்கைட்ரீ டவருக்கு டிக்கெட் எடுத்தே ஆகணும்னு இல்ல. ஷின்ஜுக்குல மாநகர அரசு கட்டடத்துல 45-வது மாடி, 202 மீட்டர் உயரம், இலவசம். டிசம்பர்ல போறவங்க நாலரைக்கே இருட்டிடும்னு கணக்கு வச்சு ஏறுங்க.

கடைசி ரயில் நள்ளிரவு 12, 12.30-க்கு முடிஞ்சிடும். விட்டுட்டா டாக்ஸிதான், ராத்திரி பத்து மணியில இருந்து 20 சதவீதம் கூடுதல். கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க, டிரைவரே உள்ள இருந்து திறப்பார், அவரே மூடுவார்.

திரும்பும்போது வெல்கம் சுய்க்கால மிச்சம் இருக்கிற காசை ஏர்போர்ட் கடையில பிஸ்கட், சாக்லேட் வாங்கித் தீத்துடுங்க. பில்லுல கார்டு பேலன்ஸ் போக மிச்சத்தைப் பணமா வாங்கிக்குவாங்களான்னு கவுண்டர்ல கேளுங்க, பெரும்பாலும் வாங்கிக்குவாங்க. சரிங்க, அடுத்த வீடியோல பாக்கலாம்.